மொட்டை மாடிக்கு மூன்று போட்டியாளர்கள்

போன வருஷம் எங்கள் அடுக்ககத்தின் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மில்லில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்தவன், ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதானே இருக்கிறான் என்ற நினைப்பு. கோவை வடவள்ளியில் 24 வீடுகள், தரைத்தளம் போக நான்கு மாடி. பொறுப்பேற்ற முதல் மாதமே இரண்டு கோரிக்கைகள் வந்தன. மாடியில் இருக்கும் பழைய சோலார் வாட்டர் ஹீட்டர் ஒழுகுகிறது, புதிதாகப் போட வேண்டும். காமன் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, சோலார் பேனல் போட வேண்டும். மாடியோ ஒன்றுதான். அதிலும் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, துணி காயப்போடும் கம்பி எல்லாம் போக மிச்சம்தான் இடம். மாசி, பங்குனி வந்தால் அந்த மிச்சத்தில் வடகம்.

ஆளாளுக்கு ஒரு கம்பெனி பெயர் சொன்னார்கள். நான் முதலில் ஒரு பக்கெட்டைக் கணக்குப் போட்டேன்.

டிசம்பர் காலையில் எங்கள் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி இருக்கும். குளிக்க 40 போதும். 20 லிட்டர் பக்கெட்டை 18 டிகிரி ஏற்ற 360 கிலோகலோரி. 860 கிலோகலோரி ஒரு யூனிட் என்பதால், ஒரு பக்கெட் கிட்டத்தட்ட 0.42 யூனிட். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 1.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட் அப்படியே குளியலுக்குச் சரியாகப் போய்விடுகிறது! இந்த விஷயத்தை மீட்டிங்கில் சொன்னபோது, "அப்ப எதுக்குங்க சோலாரு, ஓசிலயே குளிச்சுக்கலாமே" என்றார் ஒருவர். சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னதில்தான் சூட்சுமமே இருக்கிறது.

மின்வாரியத்திலிருந்து வரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குப் பின்னால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு இருக்கிறது. வீட்டு மீட்டரில் ஓடினாலும் காமன் மீட்டரில் ஓடினாலும் அது மாறாது. மாறுவது ரூபாய். 2022இல் அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டைத் தனி வகையாக்கி யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தார்கள். மறு வருஷம், லிஃப்ட் இல்லாத, 10 வீட்டுக்கு மேற்படாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, குறைக்கவில்லை. எட்டையும் தாண்டி இப்போது ஏறிவிட்டது. ஆக, வெயில் ஒரே வெயில்தான். அது என் கீசர் யூனிட்டை மிச்சப்படுத்தினால் கிடைப்பது சில்லறை, போர்வெல் மோட்டார் யூனிட்டை மிச்சப்படுத்தினால் எட்டு ரூபாய்க்கு மேல்.

சூட்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் வாட்டர் ஹீட்டர்தான் ஜெயிக்கும். 100 சதுர அடி மாடியில் ஒரு கிலோவாட் பேனல் போடலாம், நாளுக்கு நாலு யூனிட் வரும். அதே இடத்தில் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் வைத்தால் 300 லிட்டரை 35 டிகிரி ஏற்றும். அது 12 யூனிட்டுக்குச் சமம், மூன்று மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு ஒரு வாரம் நானே ஹீட்டர் கட்சியில் இருந்தேன்.

கட்சி மாறியது தரைத்தளத்தில். அங்கே இருக்கும் பாட்டி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இங்க வந்து நில்லுங்க" என்று வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டார். பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது, கொட்டுகிறது, அரை பக்கெட் ரொம்பிய பிறகுதான் வெதுவெதுப்பு வந்தது. மாடியிலிருந்து அவர் குளியலறை வரை ஒரு இஞ்ச் குழாய் 24 மீட்டர். மீட்டருக்கு அரை லிட்டர் என்றால் 12 லிட்டர். ராத்திரி முழுக்கக் குழாயில் கிடந்து ஆறிப்போன தண்ணீர் அது. அதைச் சாக்கடையில் விட்டால்தான் அவருக்கு வெந்நீர். சிறுவாணித் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் இந்தக் கணக்கு எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. மில்லில் நீராவிக் குழாய்க்கு உறை சுற்றியே பாதி வேலைக்காலம் போனவன் நான். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

அப்புறம் மாதக் கணக்கு. சித்திரை வெயிலில் ஹீட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், தொடுவதற்கு ஆள் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லாரும் வெந்நீர் கேட்பார்கள், அப்போது வெயில் இருக்காது. வருஷத்தில் நாலைந்து மாதம்தான் அந்த 12 யூனிட்டுக்கு வேலை. மோட்டாருக்கோ 365 நாளும் வேலை. போதாததற்கு போர்வெல் உப்பு. பழைய குழாய்களைக் கழற்றினால் உள்ளே சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருந்தது. ஒருமுறை காய்ந்து கிடந்த குழாய்களில் உச்சி வெயிலில் பச்சைத் தண்ணீரை விட்டு மூன்று கண்ணாடிகள் விரிசல் விட்ட கதையும் உண்டு.

ஹீட் பம்பும் பார்த்தோம். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீரில் விடும் இயந்திரம். ஒரு யூனிட் கொடுத்தால் மூன்று யூனிட் சூடு. ஹோட்டல், ஹாஸ்டல் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். எங்களுக்கு அது காமன் மீட்டரில் ஓட வேண்டும், அதே 24 மீட்டர் குழாயில் தண்ணீர் இறங்க வேண்டும். வேண்டாம் என்றோம். கேஸ் கீசர் பேச்சை எடுத்தவரிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது ஆளைக் கொல்லும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று செய்தோம். மேல்தொட்டி நிறைந்து வழிவதை வாட்ச்மேன் சத்தம் கேட்டுத்தான் நிறுத்துவார், சில நாள் கேட்காது. தொட்டிக்கு ஒரு தானியங்கிக் கட்டுப்பாடு, படிக்கட்டில் ஆள் வந்தால் எரியும் எல்.இ.டி. விளக்கு. சில ஆயிரம் ரூபாயில் முடிந்த வேலை. பில் அடுத்த தடவையே இறங்கியது. பேனல் விற்க வருபவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு அப்படி.

கடைசியில் 10 கிலோவாட் பேனல். 2024இல் வந்த மத்திய அரசின் சூர்ய கர் சோலார் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. அதைக் கழித்தால் எங்கள் கணக்கில் நாலு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்புகிறது. தெற்குப் பார்த்து, 11 டிகிரிச் சாய்வில், ஆள் நடக்கும் உயரத்தில் கம்பி கட்டி ஏற்றியிருக்கிறோம். தொட்டி நிழல் விழும் மூலையை விட்டுவிட்டோம். போர்வெல் மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் பதில் பதினொன்றுக்கு ஓட்டுகிறோம், பேனல் மின்சாரம் அப்படியே அதற்குப் போய்விடும். ஆறு மணி மின்சாரத்துக்கு மேட்டூரிலோ நெய்வேலியிலோ எதையாவது எரித்தாக வேண்டும். ஆடிக்காற்று அடிக்கும்போது பல்லடம், உடுமலை பக்கத்துக் காற்றாலைகள் கைகொடுக்கும். மார்கழியில் அதுவும் இருக்காது.

தரைத்தளம் முதல் மூன்றாம் மாடி வரை அவரவர் கீசர். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கி வைக்கச் சொல்லி நானே வீடு வீடாகப் போனேன். நாலாம் மாடி ஐந்து வீடுகளுக்குக் குழாய் தூரம் குறைவு, அவர்களுக்கு மட்டும் சின்னதாக ஒரு ஹீட்டர்.

அங்கேதான் சண்டை வந்தது. "மேல இருக்கறவங்களுக்கு ஓசிச் சுடுதண்ணி, எனக்குக் கரண்டு பில்லுங்களா தம்பி?" என்று பாட்டி மீட்டிங்கில் எழுந்து நின்றுவிட்டார். நியாயம்தான். அந்த ஹீட்டர் செலவை நாலாம் மாடிக்காரர்களே ஏற்பது என்று தீர்மானம் போட்டோம். நாலு வீடு கொடுத்தாகிவிட்டது. ஐந்தாவது வீட்டுக்காரர் லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

வடகம்? பேனலுக்குக் கீழே நிழல் என்பதால் இப்போது தொட்டி மூலைக்கு நகர்ந்திருக்கிறது. அங்கே காலையில்தான் வெயிலாம். இரண்டு நாள் கூடக் காய வேண்டியிருக்கிறது என்று என் வீட்டிலேயே புகார்.