முதல்முறை பார்ப்பவர்கள்

பிறந்தநாள் விழாக்களில் எனக்கு முதல் எதிரி எட்டு வயதுப் பையன். கைக்குட்டையை வெளியே எடுக்கும்போதே "அந்தக் கையைத் திறங்க அங்கிள்" என்பான். அவனுக்கு வித்தையின் சூட்சுமம் தெரியாது, ஆனால் மேஜிக் ஷோ என்றால் என்னவென்று தெரியும். எதிரே நிற்கும் ஆள் ஏமாற்றப் பார்ப்பான், நாம் மாட்டாமல் இருக்க வேண்டும், மாட்டிக்கொண்டால் சிரித்துக் கைதட்டிவிட வேண்டும். இதை அவனுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. டிவி, மால், பள்ளி ஆண்டுவிழா என்று எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது. சென்னையிலும் வேலூரிலும் பல வருஷமாக இந்த எழுதாத ஒப்பந்தத்தின் மேல்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பதே ஜவ்வாது மலைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அங்கிருக்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு நண்பர்கள் சிலர் அவ்வப்போது போய்ப் பாடம் நடத்திவிட்டு வருவார்கள். ஒருமுறை என்னையும் பெட்டியோடு திருப்பத்தூரில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பள்ளி வராண்டாவில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் சாமை வயலில் இருந்து அப்படியே வந்து நின்ற பெரியவர்கள்.

சிவப்புப் பட்டுக் கைக்குட்டையை முஷ்டிக்குள் திணித்தேன், ஊதினேன், விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். காணோம். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு 'ஓ' வரும். ஒன்றும் வரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு பேர் குனிந்து தரையில் தேட ஆரம்பித்தார்கள். ஒரு பெண் எழுந்துபோய் என் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கயும் இல்ல சார்" என்றாள். அவர்களைப் பொறுத்தவரை என் துணி தொலைந்துபோய்விட்டது. பாவம் சார், தேடிக் கொடுப்போம்.

அடுத்தது சீட்டுக்கட்டு. நகரத்தில் இதற்குத்தான் விசில் பறக்கும். ஆனால் ஒருவர் எடுத்த சீட்டு ஸ்பேடு ஏழு என்று நான் சரியாகச் சொல்வதில் என்ன அதிசயம் இருக்கிறது? கட்டில் 52 சீட்டு உண்டு, ஒவ்வொன்றும் வேறு, அதில் இன்னதை எடுத்தது எனக்குத் தெரிய வழியே இல்லை. இவ்வளவும் மனசில் இருந்தால்தான் வாய் பிளக்கும். மேஜிக் கடையில் வாங்கிய டப்பாக்களுக்கும் அதே கதிதான். டிராகன் படம் போட்ட பளபளப்பான பெட்டியில் இருந்து பூ வந்தால், அந்தப் பெட்டி பூ வரும் பெட்டி, அவ்வளவுதான். பேசும் பெட்டியை ஊரில் ஆளுக்கொன்று பாக்கெட்டில் வைத்திருக்கும் காலத்தில் பூப்பெட்டி எம்மாத்திரம்?

அன்று காப்பாற்றியது ஒரு செம்பு. 'வாட்டர் ஆஃப் இந்தியா' என்று உலகம் முழுக்க மேஜிக்காரர்களுக்குத் தெரிந்த பழைய வித்தை. செம்பில் இருக்கும் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, கவிழ்த்துக் காட்டிவிட்டு, ஓரமாக வைத்துவிடுவோம். வேறு வித்தை செய்வோம். நடுவில் ஞாபகம் வந்தாற்போல் எடுத்துக் கவிழ்த்தால் மறுபடி தண்ணீர். வங்காளத்து மேஜிக் மேதை பி.சி. சர்க்கார் தன் ஷோ முழுக்க இதை இடையிடையே செய்துகொண்டே இருப்பார்.

முதல்முறை கொட்டியபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. செம்பில் தண்ணீர் இருந்தது, கொட்டினான். இரண்டாம் முறை ஒரு சின்ன சலசலப்பு. ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். மூன்றாம் முறை நான் செம்புப் பக்கம் கையைக் கொண்டுபோனபோதே பின்னால் ஒரு சிரிப்பு. நான்காம் முறை நான் வேண்டுமென்றே மறந்துவிட்டதுபோல நின்றேன். "சார், செம்பு! செம்பு!" என்று வராண்டாவே கத்தியது. தண்ணீர் விழுந்ததும் பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். தண்ணீரைத் தூக்கிச் சுமந்து பழகியவர்களுக்குக் காலிச் செம்பு என்றால் காலிதான் என்பதை நான் விளக்க வேண்டியதே இல்லை. முதலில் ஒரு விதியை அவர்கள் கையாலேயே தொட்டுப் பார்க்க விட வேண்டும், அப்புறம்தான் அதை உடைக்க முடியும். பட்டுத்துணியில் நான் நேராக உடைக்கும் இடத்துக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மலைக்குக் கொண்டுபோகும் பெட்டி இளைத்துப்போனது. அவர்களிடமே வாங்கிச் செய்ய முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டேன். நாணயம், கூழாங்கல், முட்டை, ரிப்பன். கயிற்றை அறுத்து ஒட்டும் வித்தைக்கு மட்டும் என் கயிறு. இரவல் கயிற்றில் கத்தியை வைத்தால் மேஜிக் பார்க்கும் மனநிலையே போய்விடும், "நல்ல கயிறாச்சே தம்பி" என்று எழுந்து வந்துவிடுவார்கள்.

இடமும் ஒரு தொல்லை. எங்கள் பயிற்சியெல்லாம் முன்னால் மட்டும் ஆள் இருக்கும் மேடைக்கானது. இங்கே சுற்றி உட்காருவார்கள், முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள், ஒரு பையன் கொய்யா மரத்தில் இருப்பான். தெருவில் மோடி வித்தை காட்டியவர்கள் நடுவட்டத்தில் குந்தியபடி, மூன்று கிண்ணத்தையும் சில உருண்டைகளையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஓட்டினார்கள். ஸ்பாட் லைட்டும் திரையும் இருந்தும் திணறுகிற எங்களைவிட அவர்கள் பெரிய ஆட்டக்காரர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது நானும் தரையில் உட்கார்ந்துதான் செய்கிறேன்.

சமீபத்தில் இன்னொரு மாற்றம். போனில் ரீல்ஸ் பார்த்த பிள்ளைகள் அங்கேயும் வந்துவிட்டார்கள். "இது கிராபிக்ஸ்" என்று ஒருவன் சொன்னான். சொல்லிவிட்டு நேராக வந்து என் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்த்தான். வலித்தது. அவன் முகத்தில் வந்த குழப்பத்துக்காக இன்னும் இரண்டு கிள்ளு வாங்கியிருப்பேன்.

சிரிப்பாக முடியாத இடமும் உண்டு. ஷோ முடிந்து பெட்டியைக் கட்டும்போது சிலர் தயங்கித் தயங்கி வருவார்கள். காணாமல் போன ஆடு எந்தப் பக்கம் போயிருக்கும்? ஒரு பாட்டி பேரனைக் கூட்டிவந்து, "இவனுக்கு அடிக்கடி வலிப்பு வருது தம்பி, ஒரு கயிறு கட்டி விடேன்" என்றார். அந்த நேரத்தில் கைதட்டலெல்லாம் எனக்குக் கசந்துபோனது. "பாட்டி, நான் செஞ்சது கைவேலை, பையனை ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றேன். என்னைவிட ஆசிரியர்தான் நன்றாக எடுத்துச் சொன்னார்.

எங்கள் தொழிலில் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. 1856இல் பிரெஞ்சு அரசு ராபர்ட் ஊதான் என்ற மேஜிக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அவரிடம் ஒரு சின்னப் பெட்டி, கீழே மறைவாக மின்காந்தம். பலசாலி ஒருவரை அழைத்து, உன் பலத்தை எடுத்துவிட்டேன் என்றார். அந்த ஆளால் பெட்டியை அசைக்கக்கூட முடியவில்லை. எங்கள் மந்திரம் உங்கள் மராபூத்துகளின், அதாவது உள்ளூர் முஸ்லிம் சாமியார்களின், மந்திரத்தைவிடப் பெரியது என்று காட்டுவதுதான் நோக்கம். அபாரமான வித்தை, மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை பார்ப்பவரின் நம்பிக்கையை அரசாங்க வேலைக்குப் பயன்படுத்தியதில் நான் மார்தட்ட ஒன்றும் இல்லை.

மலைவாசிகள் அப்பாவிகள், அதனால் நம்புகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு 1956ஐ ஞாபகப்படுத்துவேன். பி.சி. சர்க்கார் பிபிசி டிவியில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுந்திருப்பதற்குள் நிகழ்ச்சி சட்டென்று முடிந்துவிட்டது. பெண் செத்துப்போய்விட்டாளா என்று கேட்டு பிபிசிக்குப் போன் மேல் போன். போன் செய்தவர்கள் படிக்காதவர்கள் இல்லையே.

ஆகவே இப்போது ஷோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், இது பழக்கத்தில் வந்தது, சாமியும் இல்லை பேயும் இல்லை என்று. நடுவில் எலுமிச்சம்பழத்தை அறுத்து ரத்தம் காட்டிவிட்டு, கத்தியில் மெத்தில் ஆரஞ்சு என்ற ரசாயனம் தடவியிருந்ததையும் அது புளிப்பு பட்டுச் சிவந்ததையும் சொல்லி, பிள்ளைகளை விட்டே செய்ய வைப்பேன். கோவையில் இருந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்தும் அறிவியல் இயக்கத்துக்காரர்களும் ஊர் ஊராகச் செய்து காட்டிய வகைதான். செம்பு ரகசியத்தை மட்டும் சொல்லமாட்டேன். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது என்ன நியாயம் என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வருவார். எலுமிச்சம்பழத்தை வைத்துப் பில்லிசூனியம் என்று பணம் பிடுங்குகிறார்கள். செம்பை வைத்து யாரும் யாரையும் பிடுங்கவில்லை. எனக்கு இந்த நியாயம் போதும்.

கடைசியாக ஒரே ஒரு வித்தையைக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவேன். இரண்டு விரலில் இருக்கும் ரப்பர் பேண்டு அடுத்த இரண்டு விரலுக்குத் தாவும், சுலபமானது. போன தடவை மறுநாள் காலையில் பள்ளி முழுக்க ரப்பர் பேண்டு தாவிக்கொண்டிருந்ததாம், மாணவிகளின் தலையில் ஒன்றுகூட மிச்சமில்லையாம். இனி வரும்போது ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வரச் சொல்லித் தலைமையாசிரியர் உத்தரவு.