ஒரே வீட்டில் இரண்டு விதமான நெஞ்சுச்சளி

சம்பா அறுப்பு நேரத்தில் எனக்கும் அப்பாவுக்கும் சேர்ந்தாற்போல் நெஞ்சுச்சளி பிடித்தது. மன்னார்குடிப் பக்கம் தை, மாசியில் இது வாடிக்கை. விடியற்காலைப் பனி, அறுப்பு மெஷின் கிளப்பும் தூசு, வீட்டுக்கு வீடு இருமல். மெடிக்கலில் சொன்னால் மூன்று நாளைக்கு அசித்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அம்மா அதற்கு விடவில்லை. இரண்டு பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளப்பிவிட்டார்.

டாக்டரம்மா அப்பாவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் மாட்டிப் பார்த்துவிட்டு, முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தார். வலது அடிப்பக்கம் வந்ததும் கை நின்றது. "ஐயா, இன்னொரு தடவ நல்லா இழுத்து விடுங்க." என்ன கேட்கிறது என்று விசாரித்தேன். காதோரம் தலைமுடியை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் வருகிற சத்தமாம். அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல், இருமினால் ஒரு பக்கம் குத்தல், மேல்மூச்சு. எக்ஸ்ரேயில் அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் 100-ஐத் தாண்டியிருந்தது. நிமோனியா, அநேகமாக பாக்டீரியா என்று அன்றைக்கே ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள்.

எனக்கும் சளி பச்சையாகத்தான் வந்தது. ஆனால் நெஞ்சில் சத்தமில்லை, மூச்சு சீராக இருந்தது. "பச்சையா வந்தா பாக்டீரியான்னு கெடையாது தம்பி. உங்களுக்கு வைரஸ் மாதிரிதான் இருக்கு, ஆன்டிபயாடிக் வேணாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் 2013-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். ஐரோப்பாவில் 12 நாடுகளில், நிமோனியா சந்தேகமில்லாத 2,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. குணமான வேகத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. குமட்டல், வயிற்றுப்போக்கு, தடிப்புதான் அமாக்சிசிலின் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல்.

இன்னொன்றும் சொன்னார்: இந்த இருமல் ஓய சராசரியாக 18 நாள் ஆகும். இதை எல்லா மருந்துக்கடையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன். ஒரு வாரத்தில் நிற்கவில்லையே என்றுதான் நம் ஜனங்கள் அடுத்த ஆன்டிபயாடிக்குக்குப் போகிறார்கள். நான் தூதுவளை ரசம், தேன், வெந்நீரோடு பொறுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் இருந்ததால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்தார்கள், இலவசம்தான். ஒன்றுமில்லை என்று வந்தது. பிறகு இருமல் தானாகவே அடங்கியது.

அப்பாவுக்குக் காய்ச்சல் சீக்கிரமே விட்டது. அசதிதான் போகவில்லை. களத்துமேடு வரை நடப்பதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுவார். அம்மா பயந்துபோய்க் கேட்டதற்கு, நிமோனியாவில் இருமலும் மூச்சுவாங்கலும் பெருமளவு குறையவே ஆறு வாரம் ஆகலாம், அசதி மூன்று மாதம்கூட இழுக்கும் என்றார் டாக்டரம்மா. எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பினார்: மூச்சுத் திணறல், விட்ட காய்ச்சல் திரும்புவது, சளியில் ரத்தம், ஆள் குழம்பிப் பேசுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.