ஏழாவது புள்ளி

போன சனிக்கிழமை காலை ஏழே முக்கால். பஃபலோவுக்குத் தெற்கே ஒரு தெருமுனையில் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்ட அட்டை: யார்ட் சேல். வீட்டு வாசலிலேயே பழைய சாமான்களை விற்பது. வண்டியை ஓரங்கட்டியதும் மனைவி கேட்டாள். "ஏங்க, பால் வாங்கத்தானே கிளம்பினோம்?"

பால் வாங்கத்தான் கிளம்பினோம்.

இந்தக் கிறுக்கு பிடித்து ஆறு வருடம் ஆகிறது. பழைய மடக்குக் கத்திகள். ஊரில் பேனாக்கத்தி என்போமே, அதேதான். மேற்கு நியூயார்க்கில் குடியிருந்துகொண்டு இது பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓட்டினால் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு. டபிள்யூ.ஆர். கேஸ் கத்தித் தொழிற்சாலை அங்கேதான், ஸிப்போ லைட்டரும் அதே ஊர்தான். இந்தப் பக்கம் ஓலியன், லிட்டில் வேலி என்று ஒருகாலத்தில் கத்திக் கம்பெனிகள் இருந்த சின்னச் சின்ன ஊர்கள். இந்த வட்டாரத்துத் தாத்தாக்களின் கால்சட்டைப் பையில் கிடந்த கத்திகள்தான் இப்போது கராஜ் கராஜாக வெளியே வருகின்றன.

மேஜையில் தேடினால் கிடைக்காது. குழந்தைகள் வரும் இடம் என்று யாரும் கத்தியைப் பரப்பி வைப்பதில்லை. வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டேன். எழுபத்தைந்து வயதிருக்கும் அந்தம்மா உள்ளே போய் ஒரு நீல பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தார். உலகத்தில் எந்த வீட்டிலும் அந்த டப்பாவுக்குள் பிஸ்கட் இருந்ததில்லை. பித்தான்கள், தூண்டில் முள், துருப்பிடித்த சாவிகள், அடியில் மூன்று கத்திகள்.

இரண்டு, தகரம் போர்த்திய பிடி வைத்த இம்பீரியல் கம்பெனிக் கத்தி. ராட் ஐலண்டின் பிராவிடன்ஸில் லட்சக்கணக்கில் செய்து தள்ளிய மலிவுச் சரக்கு, பத்து டப்பா திறந்தால் எட்டில் இருக்கும். மூன்றாவது, மஞ்சள் பிடி, மூன்று அலகு. திறந்தேன். டக்கென்று நின்றது. மூடினேன், மறுபடி டக். ஐம்பது வருடப் பழசில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இப்படிப் பேசினாலே பாதி மார்க் போட்டுவிடலாம்.

கத்தியின் ஜாதகம் டாங்கில் இருக்கிறது. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் தீட்டாத கட்டைப் பகுதி உண்டே, அதுதான் டாங். பத்து மடங்கு லென்ஸை எடுத்தேன். கேஸ் எக்ஸ்எக்ஸ், கீழே யு.எஸ்.ஏ., அதற்கும் கீழே புள்ளிகள். இரண்டு எக்ஸ் என்றால் இரும்பு இரண்டு தரம் உலை கண்டு பதமானது என்று அர்த்தம். 1964 வரை யு.எஸ்.ஏ. கிடையாது. 1965 முதல் 1969 வரை அது சேர்ந்தது. 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளி வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். 1971இல் ஒன்பது, 1979இல் ஒன்றே ஒன்று. 1980இல் கேஸ் என்ற பெயரில் வரும் ஆங்கில எஸ் எழுத்தை மின்னல் மாதிரி வளைத்து, மறுபடி பத்திலிருந்து இறங்கினார்கள். ஆண்டை நேராக எழுதித் தொலைத்திருக்கலாம். அப்படி எழுதியிருந்தால் நான் எதற்கு லென்ஸோடு அலைகிறேன்?

கோலப்புள்ளி எண்ணுகிற மாதிரி எண்ணினேன். ஆறு.

"1974" என்றேன் கெத்தாக.

"இருக்காதே" என்றார் அந்தம்மா. "பெரியவன் பிறந்தது 74 பிப்ரவரியில. அதுக்கு முந்தின கோடையிலயே இது அவர்கிட்ட இருந்துச்சு. இதாலதான் மீன் கழுவுவார்."

ஞாபகம் குழம்பும், இரும்பு குழம்பாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சிரித்துவைத்தேன். விலை நாலு டாலர். பேரம் பேசவில்லை.

வண்டியில் மனைவி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் 3347 என்று இருந்தது. முதல் 3 மஞ்சள் பிடிக்கு, அடுத்த 3 அலகின் எண்ணிக்கைக்கு, 47 மாடலுக்கு. முதல் இலக்கம் 6 என்றால் எலும்புப் பிடி, 5 என்றால் மான்கொம்பு. இந்த மாடலுக்கு ஸ்டாக்மேன் என்று பெயர், மாடு மேய்ப்பவர்களுக்காகச் செய்தது. "இந்த மொண்ணை மூக்குக் கத்தி பீன்ஸ் நறுக்க நல்லா இருக்கும்" என்றாள். அது கன்றுக்குட்டிக்குக் காயடிக்கிற அலகு என்றேன். அன்றோடு அதற்குச் சமையலறைக்குள் தடா.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாளை எடுக்கக் கை துறுதுறுத்தது. எடுக்கவில்லை, பட்ட அனுபவம் அப்படி. முதல் வருடம் ஒரு சந்தையில் வாங்கிய கேஸ் கத்தியை 120ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்து, எவர்சில்வர் கரண்டி மாதிரி ஆக்கிவைத்தேன். நாலு புள்ளியில் ஒன்றுதான் மிஞ்சியது. 1976இல் பிறந்த கத்தியை 1979க்குக் கொண்டுபோய்விட்டேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருக்கலாம்.

எல்லாக் கத்தியும் இப்படிப் புள்ளி வைத்துப் புதிர் போடுவதில்லை. அமெரிக்க ராணுவத்துக்குக் கமிலஸ் கம்பெனி செய்த முழு எஃகுக் கத்தியில் ஆண்டையே அடித்திருப்பார்கள். ஷ்ரேட் கம்பெனிக் கத்தி என்றால் பெயரோடு வால்டன் என்ற சொல்லும் இருக்கிறதா பார்க்க வேண்டும். இருந்தால் இரண்டாம் உலகப் போருக்கும் 1973க்கும் இடைப்பட்டது. ஜெர்மன் கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1890களுக்குப் பிந்தையது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1890இல். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் கேட்கவே வேண்டாம், 1949க்குப் பிறகுதான். செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் செய்த பிடிகளை மட்டும் தனியாக வையுங்கள். பழசானால் அதிலிருந்து ஒரு ஆவி கிளம்பும், கூட இருக்கிற கத்திகளையும் சேர்த்துத் துருப்பிடிக்க வைத்துவிடும். அழகான இரண்டு கத்திகளைப் பறிகொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மஞ்சள் கத்தியின் டாங்கில் இரண்டு சொட்டு மினரல் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவைத்தேன். ஞாயிறு காலை காபியோடு உட்கார்ந்து, பல்குத்தும் குச்சியால் அழுக்கை நெம்பினேன். கறுப்புப் பிசின் மாதிரி வந்தது, மீன் வாடை கூட அடிக்கிறதோ என்று சந்தேகம். வரிசையின் ஓரத்தில், பிடியை ஒட்டி, துருவுக்குள் ஒரு பள்ளம். குண்டூசி முனை அளவு. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னொரு தரம் எண்ணினேன்.

ஏழு. 1973.

பத்து மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றேன். விற்காத சாமான்களை "இலவசம்" என்று எழுதிய பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார் அந்தம்மா. லென்ஸைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் நகத்தால் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு அவரே எண்ணினார்.

"நான்தான் சொன்னேனே."

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றேன்.

"அப்ப ஒரு வருஷம் கூடப் பழசு" என்று கையை நீட்டினார். "இன்னொரு டாலர் எடு."

எடுத்துக் கொடுத்தேன்.