தம்பத்தைப் பார்

எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழு கட்டுரை கேட்டபோது விளையாட்டுப் போட்டியைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது உயர்தர வகுப்பில் நடந்த ஒரு தாவரவியல் பாடம்தான்.

அன்று பாடம் எடுத்த சேர் ஒரு காந்தள் கொடியைக் கிழங்கோடு கிண்டிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். கார்த்திகைப் பூ என்று நாங்கள் சொல்வது. கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து கிடந்தது. முன்வாங்கில் இருந்த நான் சும்மா இராமல் நகத்தால் அதன் தோலைச் சுரண்டினேன். சேர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பும் அமைதியானது. இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார். கொடி முழுவதும் கொல்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் கூடுதலாக. உயிர்க்கலம் பிரியும்போது, மரபணுக்களைத் தாங்கும் நிறமூர்த்தங்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்நார்களை அது உருவாக விடாது. நிறமூர்த்தம் இரட்டிக்கும், கலம் இரண்டாகாமல் அப்படியே நிற்கும். சிறிய அளவில் கௌட் வாதத்துக்கு மருந்து, கொஞ்சம் கூடினால் உயிருக்கே ஆபத்து. கதிர்நாரைப் பற்றி எந்தச் சோதனையில் கேட்டாலும் எனக்குப் பிழைத்ததில்லை!

அப்புறம் கரும்பலகை. சாதி குளோரியோசா, இனம் சுப்பர்பா, 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர். குடும்பம் லிலியேசியே, அதாவது லில்லிக் குடும்பம். 'சாதி' என்று எழுதியதும் பின்வாங்கில் சிரிப்பு வரும். அந்தக் காலப் புத்தகத்தில் அதுதான் சொல். பேரினம் என்றும் எழுதுகிறார்கள், அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சேர் மனப்பாடத்தோடு விடுகிறவர் அல்லர். "தம்பத்தைப் பார்" என்பார். ஆறு இதழும் பின்னால் மடிந்து தீ மாதிரி மேலே நிற்க, காயாகப்போகும் சூலகத்தின் நுனியில் இருந்து எழும் மெல்லிய காம்பான தம்பம் சட்டென்று செங்கோணமாக மடிந்து பக்கவாட்டில் நீளும். இலையின் நுனியே சுருண்டு தந்துவாகி அடுத்த செடியைப் பிடிக்கும். இந்த இரண்டையும் கண்டால் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு.

அவருக்கும் தமிழ் ரீச்சருக்கும் இந்தப் பூவால் ஒரு நீண்ட வழக்கு இருந்தது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் காந்தளும் வருகிறது, தோன்றியும் வருகிறது. இரண்டும் ஒன்றே என்று உரை சொல்வதுண்டு. மலையாளத்திலும் இதன் பெயர் மேந்தோன்னி. ஒரே பூவைக் கபிலர் இரண்டு தரம் எண்ணுவாரா என்று ரீச்சர் கேட்பார். லின்னேயஸுக்குப் பின் வந்தவர்களே அப்படி எண்ணினார்கள் என்பார் சேர். அது உண்மைதான். ரொத்சைல்டியானா என்று தனி இனமாக எழுதப்பட்டது பிறகு சுப்பர்பாவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. நிறமும் இதழின் நெளிவும் இடத்துக்கு இடம் மாறும் ஒரே கொடி அது.

காந்தள் எங்கள் பூ என்று நாங்கள் நினைத்திருந்ததையும் சேர் விட்டுவைக்கவில்லை. உலகப்படத்தைத் தொங்கவிட்டு, சகாராவுக்குத் தெற்கே கையை ஓட்டினார். இந்தச் சாதியின் இனங்களில் பெரும்பாலானவை ஆபிரிக்காவில் மட்டும்தான். ஆசியாவில் நம் பக்கத்துக்கு எட்டியது சுப்பர்பா ஒன்றே. இந்தியா, இலங்கை, பர்மா, அதற்கும் கிழக்கே கொஞ்சம். தமிழ்நாட்டின் மாநில மலர் அது, சிம்பாப்வேயின் தேசிய மலரும் அதுவே. அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலோ மணல்மேடுகளில் பரவும் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். அங்கே இருக்கும் நம் சங்கத்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

கனடா வந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் லிலியேசியே பல குடும்பங்களாகக் கலைந்துபோனது எனக்குத் தெரியவந்தது. மரபணு ஒப்பீட்டை வைத்து 1998இல் வந்த வகைப்பாட்டில் காந்தள் கொல்சிகேசியே குடும்பத்தில் இருக்கிறது. 2007இல் லிற்றோனியா என்ற ஆபிரிக்கச் சாதியும் குளோரியோசாவுக்குள் வந்தது. அதன் பூ மணி மாதிரித் தொங்கும், இதழ் பின்னால் மடியாது. ஆனால் இலை நுனியில் தந்து உண்டு.

அதே குடும்பத்தில் உவுலேரியாவும் இருக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் மட்டும் வளரும் சாதி. ஒரு மே மாதம் ஒன்ராறியோவில் மேப்பிள் மரங்களின் கீழ் அதைக் கண்டேன். தலைகுனிந்த மஞ்சள் பூ, இலையைத் துளைத்துக்கொண்டு போவது போன்ற தண்டு. அன்றிரவே சேருக்குத் தொலைபேசி எடுத்து, காந்தளின் சொந்தக்காரர் ஒருவரைச் சந்தித்தேன் என்றேன். குடும்பம் மாறிய கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, தந்து இருக்கோ?"

"இல்லை, சேர்."

"தம்பத்தைப் பாத்தனியோ?"

பார்க்கவில்லை. படம் எடுத்திருந்தேன், அதில் பூ குனிந்து நின்றது. இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனபோது இதழெல்லாம் கொட்டி, காய் பிடித்திருந்தது.