மீனுக்குப் பாகு காய்ச்சுற ஊரு

ஸ்கூல் விட்டு வந்த பொண்ணு வாசல்ல ஷூவைக் கழட்டிக்கிட்டே கேக்குறா, "அம்மா, இன்னைக்கு லஞ்ச்ல மீன் பளபளன்னு இருந்துச்சு, நீ வைக்கிற மீன் மட்டும் ஏன் அழுக்குக் கலர்ல இருக்கு?"

அழுக்குக் கலராம்! தேங்காயும் சீரகமும் மைய அரைச்சு, புளி கரைச்சு ஊத்தி, எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் கொதிக்க விட்ட தூத்துக்குடி மீன் குழம்பு. எங்க ஆச்சி மட்டும் இதைக் கேட்டிருந்தா கரண்டியோட வந்திருப்பா. எனக்கு அப்போ சிரிப்புதான் வந்துச்சு, ஆனா ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கிற வரைக்கும் உள்ளுக்குள்ள சுருக்சுருக்குன்னு குத்திக்கிட்டே இருந்துச்சு.

இங்க டோக்கியோ ஸ்கூல்ல மாசாமாசம் சாப்பாட்டு மெனு ஒரு தாள்ல அடிச்சு வீட்டுக்குக் குடுத்து விடுவாங்க, எந்தக் கிழமை என்ன, எத்தனை கலோரி வரைக்கும் இருக்கும். பிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்ததப் போய்ப் பாத்தேன். புரி தெரியாக்கி, அதாவது சோயா சாஸும் சர்க்கரையும் சேர்ந்த பாகுல புரட்டின புரி மீன். அந்தப் புரி நமக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல, நம்ம பாறை மீனோட சொந்தக்காரன்தான், குளிர்காலத்துல கொழுப்பேறி சூப்பர்மார்க்கெட்ல துண்டு துண்டா அடுக்கி வச்சிருப்பான். அத வாங்கி நான் குழம்பு வச்சா அழுக்கு, அவங்க சோயா சாஸ்ல புரட்டினா பளபளப்பு. நல்லா இருக்கு நியாயம்.

டோக்கியோல நாங்க இருக்கிறது நிஷி கசாய். 2000 வாக்குல, வருஷம் மாறினா கம்ப்யூட்டர் குழம்பிரும்னு சரிபண்ற ஒய்டூகே வேலைக்குன்னு வந்த நம்மாளுங்க தோசாய் ரயில் லைன்ல ஏறினா ஆபீஸ் பக்கம்னு இங்க வீடு பிடிச்சாங்க, அப்படியே ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வந்து இப்போ உளுந்து, புளி, இட்லி அரிசி எல்லாம் நடந்து போற தூரத்துல கிடைக்குது. நானும் செட்டில் ஆயிட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். எந்தக் கிழமை எந்தக் குப்பைன்னு மனப்பாடம், ட்ரெயின்ல போன் வந்தா எடுக்கிறதில்ல, அடுப்புக்குள்ள மீன் சுடுறதுக்குன்னு ஒரு டிராயர் இருக்கே அதுல அப்பளம் சுடக் கத்துக்கிட்டேன், கத்திரிக்காயும் அருமையா வேகும். ஆனா மீன் செக்‌ஷன்ல போய் நின்னா மட்டும் எல்லாம் போச்சு. மெழுகு பொம்மை மாதிரி பிளாஸ்டிக் தட்டுல படுத்திருக்கிற அந்தத் துண்டுங்களப் பாத்தா, சைக்கிள்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே தெருவுக்குள்ள வர்ற மீன்காரரும், செவுளத் தூக்கிப் பாத்து "இது நேத்து மீனுல்லா"ன்னு பேரத்த ஆரம்பிக்கிற அம்மாவும், சுவர் மேல வரிசையா உக்காந்திருக்கிற பூனைங்களும்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, உண்மையான பிரச்சினைக்கு வாரேன். இனிப்பு. இந்த ஊர்ல சாப்பாட்டுல சர்க்கரை போடாத எடமே இல்லியா? முட்டைய சுருட்டி சுருட்டி ஒரு ஆம்லெட் போடுவாங்க, பல வீட்டுல அது இனிக்கும். கிழங்கு வேக வச்சா இனிக்கும். டோஃபுவப் பொரிச்சு அதுக்குள்ள சோறு அடைச்சுத் தருவாங்க, கடிச்சா பாகு வடியும். சமையல் சொல்லிக் குடுக்கிறப்ப ச, ஷி, சு, செ, சோன்னு ஒரு வரிசை சொல்லுவாங்க, என்னத்த எதுக்கு அப்புறம் போடணும்னு. அதுல முதல் எழுத்தே சர்க்கரை, உப்பு ரெண்டாவதுதான், அப்புறம் வினிகர், சோயா சாஸ், மிசோங்கிற சோயா விழுது. காரணம் கேட்டா சர்க்கரை உள்ள இறங்க நேரமாகும், உப்பு முந்திக்கிட்டா அது இறங்காதுன்னு விளக்கம் வேற. முறையெல்லாம் சரிதான், ஆனா மீனுக்கு எதுக்குங்க சர்க்கரை? மீன்னா புளிக்கணும், உறைக்கணும், சாப்பிட்டு மூக்க உறிஞ்சணும். பெங்களூர்ல இருக்கிற எங்க சித்தி வீட்டுச் சாம்பார்ல வெல்லம் கிடக்கும்னு சின்ன வயசுல நாங்க பண்ணாத கேலி இல்ல, "பாயசம் ஊத்துங்க சித்தி"ன்னே கேப்போம். அந்தப் பாவம்தான் கடல் தாண்டி வந்து பிடிச்சிருக்கு போல.

ஆனா பிள்ளை கேட்டுட்டாளே. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாகிட்ட எனக்குத் தெரிஞ்ச ஜப்பானீஸ்ல, எந்தக் கடையில எந்த தெரியாக்கி சாஸ் பாட்டில் வாங்கணும்னு கேட்டேன். பாட்டிலா, எதுக்குன்னு முழிச்சாங்க. வீட்டுல ஷோயு, அதான் சோயா சாஸ், இருக்கா, மிரின்ங்கிற இனிப்பு அரிசி மது இருக்கா, சாக்கேங்கிற அரிசி மது இருக்கா, சர்க்கரை இருக்கா, அவ்வளவுதான்னுட்டாங்க. ரெண்டு துண்டு மீனுக்கோ ஒரு பெரிய கோழித் தொடைக்கோ முதல் மூணும் ரெண்டு ரெண்டு பெரிய ஸ்பூன், சர்க்கரை ஒண்ணு. இங்க பெரிய ஸ்பூன்னா 15 மில்லி. இஞ்சி பூண்டு கிடையாதான்னு கேட்டேன், பதிலுக்கு ஒரு சிரிப்பு. சியாட்டில்ல இருக்கிற என் நாத்தனாரோ இஞ்சி பூண்டு இல்லாம தெரியாக்கியான்னு போன்ல சண்டைக்கே வந்துட்டாங்க. அவங்க சொல்றதும் தப்பில்ல, 1976ல டோஷிஹிரோ கஸஹரான்னு ஒருத்தர் அங்க கடை போட்டதுல இருந்து அது அந்த ஊர்ச் சாப்பாடாவே மாறிப்போச்சு, நிறைய கடைல இஞ்சி பூண்டும் உண்டு, சோளமாவு கரைச்சு ஊத்திக் கெட்டியாக்குறதும் உண்டு. இங்க மாவுன்னு எதாவது உண்டுன்னா வறுக்குறதுக்கு முன்னாடி மேல லேசாத் தூவுறதுதான்.

மிரின் வாங்கப் போன எடத்துல ஷெல்ஃப் முன்னாடி நானும் வீட்டுக்காரரும் போன் கேமராவ லேபிள் மேல காட்டிக்காட்டி நின்னோம். ஒட்டரிசியும் பூஞ்சை ஏத்தின அரிசியும் ஷோச்சு சாராயத்துல ஊற வச்சு எடுக்கிறது அசல் மிரின், அதுல ஆல்கஹாலே 14 சதவீதம் கிட்ட இருக்கும். பக்கத்துலயே மிரின் மாதிரின்னு ஒண்ணு விலை கம்மியா இருக்கும், அதுல 1 சதவீதத்துக்கும் கீழ. சமையல் சாக்கேல உப்பு கலந்திருப்பாங்க, யாரும் குடிச்சிரக் கூடாதுன்னு, அதனால மது வரியும் கிடையாது. அத ஊத்தினா ஷோயுவக் கொஞ்சம் குறைச்சுக்கணும். மது வேண்டாம்ங்கிற வீட்டுக்காரங்க தண்ணியும் இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுச் செய்றாங்க, ஓடுது, என்ன, மிரின் குடுக்கிற அந்த மினுமினுப்பு மட்டும் கொஞ்சம் குறையும்.

செய்றது அரைமணி வேலை கூட இல்ல. மீன் மேல உப்புத் தூவி பத்துப் பதினஞ்சு நிமிஷம் வச்சா தண்ணி விடும், அதோட கவுச்சியும் போகும், நல்லா ஒத்தி எடுத்துரணும். மஞ்சத்தூள் டப்பா பக்கம் போற கைய மட்டும் கட்டிப்போடணும், அதுதான் கஷ்டம். கொஞ்சமா எண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் செவக்க விட்டுட்டு, இதுதான் முக்கியம், வாணலில நிக்கிற எண்ணெயப் பேப்பரால தொடச்சு எடுத்துரணும். எண்ணெய் நின்னா சாஸ் மீன்ல ஒட்டாது. அப்புறம் நாலையும் கலந்து ஊத்தி, கொதிக்கக் கொதிக்க ஸ்பூனால மொண்டு மொண்டு மேல ஊத்திக்கிட்டே இருக்கணும். முதல்ல சின்னச்சின்ன நுரையா வரும், போகப்போகப் பெரிய பெரிய குமிழியா மாறும், ஸ்பூனால இழுத்தா அடியில கோடு விழுந்து மெதுவா மூடும். அங்க அடுப்ப அணைச்சிரணும். இன்னும் கெட்டியாகட்டும்னு நின்னா ஆறினதும் கல்லு மாதிரி ஆயிரும், கசக்கவும் செய்யும்.

இதெல்லாம் நடக்குறப்ப அம்மா வீடியோ கால்ல. இங்க ராத்திரிச் சமையல், அங்க சாயங்கால டீக்கும் முன்னாடி, மூணரை மணிநேர வித்தியாசம். "என்னட்டி அது, மீனுக்குப் பாகு காய்ச்சுதியா?"ன்னாங்க. சாக்கே பாட்டிலப் பாத்துட்டு "ஏட்டி, பிள்ளைக்குச் சாராயத்த ஊத்தியா குடுக்க?" கொதிக்கிறதுல பெரும்பாலும் ஆவியாப் போயிரும்மான்னு நான் சொன்னது அவங்க காதுல ஏறவே இல்ல. ஆனா குமிழியப் பாத்துட்டு "போதும், எறக்கு, பதம் தாண்டிரும்"னு கரெக்டான நேரத்துல கத்தினாங்க பாருங்க! ஜென்மத்துல ஷோயு தொட்டதில்ல. அதிரசத்துக்குப் பாகு எடுத்த கண்ணு அது. தீபாவளிக்கு முந்தின நாள் எங்க வீட்டு அடுக்களைல பாகு பதம் பாக்கிறப்ப யாரும் பேசக் கூடாது, ஒரு கிண்ணத் தண்ணில சொட்டு விட்டு விரலால உருட்டிப் பாப்பாங்க, உருண்டுச்சுன்னாத்தான் மூச்சு விடுவோம். வேடிக்கை பாக்கிற பிள்ளைங்களுக்கு அந்த உருண்டை. எனக்குத்தான்னு தம்பியோட நான் போட்ட சண்டை இருக்கே...

மீன் ஆறிருச்சு, ஞாபகத்துல நின்னுட்டேன். பொண்ணு சாப்பிட்டுட்டு "பளபளன்னு இருக்கு"ன்னா, அவ சர்டிபிகேட் குடுத்தாச்சு. வீட்டுக்காரர் ஊறுகாய் பாட்டிலத் திறந்து பக்கத்துல வச்சுக்கிட்டார். எனக்கு? வெறுமனே சாப்பிட்டா இப்பவும் ரெண்டாவது வாய்க்கு மேல திகட்டுது. அப்புறம் ஒரு நாள் சர்க்கரை டப்பா காலி, கருப்பட்டி கொஞ்சம் கிடந்துச்சு. தட்டிப் போட்டு, காஞ்ச மிளகாய் ரெண்டு கிள்ளி, மிளகும் நுணுக்கிப் போட்டேன். கலர் இன்னும் கறுத்துப்போச்சு, ஆனா மினுமினுப்புக்குக் குறையில்ல, அந்தப் புகைஞ்ச வாசனை ஷோயுவோட அப்படி ஒத்துப்போகுது. வீட்டுக்காரர் ஊறுகாயத் தொடல. பொண்ணு மட்டும் கண்ணுல தண்ணியோட "ஸ்கூல்ல உறைக்காது"ன்னுக்கிட்டே முழுத் துண்டையும் தின்னு முடிச்சா. பாட்டியம்மாவுக்கும் ஒரு துண்டு கொண்டு போனேன், என்ன சர்க்கரை இதுன்னு ரெண்டு தடவை கேட்டாங்க, பனைன்னா என்னன்னு விளக்குறதுக்குள்ள என் ஜப்பானீஸ் தீந்துபோச்சு.

இப்போ கருப்பட்டிதான் தட்டுப்பாடு. அடுத்த மாசம் வீட்டுக்காரரோட பிரண்டு ஒருத்தர் லீவு முடிஞ்சு வாரார், உடன்குடிக் கருப்பட்டியா ரெண்டு கிலோ கட்டிக் குடுத்து விடும்மான்னு சொல்லியாச்சு. "மீனுக்குப் போடத்தான் கேக்கேன்னா தரமாட்டேன்"ங்கிறாங்க. காப்பிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்.