பாகும் பாக்கும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று என் குரலை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து பழைய ஸ்கிரிப்டுகளை வாசித்தேன். இனி நள்ளிரவு புல்லட்டினை என் குரலிலேயே அது வாசித்துக்கொள்ளும்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "பயமா இல்லையாக்கா?" என்றான் இன்ஜினியர் தம்பி. பயமா, எனக்கா! 2000இல் பிரிட்டனில் அனனோவா என்ற பச்சைமுடிக் கணினிப் பெண் செய்தி வாசித்ததைக் கேள்விப்பட்டு தூக்கம் தொலைத்தவள் நான். 2018இல் சீனாவின் சின்ஹுவா செய்தி நிறுவனம் செயற்கை வாசிப்பாளரைக் கொண்டுவந்தபோது, அந்த வீடியோவை மேக்கப் அறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். பாதிப் பேர் முகம் சுளித்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

முதல் சோதனை. குரல் அச்சு அசல் நான்தான். மூச்சு மட்டும் எங்கும் வாங்கவில்லை, பொறாமையாக இருந்தது.

நவம்பரில் அஜர்பைஜான் தலைநகரில் (Baku) நடந்த காலநிலை மாநாட்டுச் செய்தியைக் கொடுத்தோம். "பாகு" என்றது, வெல்லப்பாகு மாதிரியே. அதன்மேல் என்ன தப்பு? பாரிசுக்கும் பைடனுக்கும் நம்மிடம் ஒரே 'ப'தானே இருக்கிறது! பெருவைச் சரியாகச் சொல்லிவிட்டு பொலிவியாவில் வழுக்கியது.

காகிதத்தைப் பார்த்து வாசித்த காலத்தில், மென்மையாக ஒலிக்க வேண்டிய எழுத்துக்கடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். செய்தியைக் கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் ஓட்டிக் காட்டும் பிராம்ப்டர் வந்தபோது எனக்கு வந்த முதல் கவலையே அதுதான்: கண்ணாடியில் எங்கே புள்ளி வைப்பது? ஆபரேட்டர் அண்ணன் அப்படிப்பட்ட பெயர்களை மட்டும் சிவப்பில் போட்டுக் கொடுப்பார். அவர் ஓய்வு பெற்றபின் சிவப்பும் போய்விட்டது. எல்லாம் மனப்பாடம்தான்.

மார்ச் 7, வெள்ளி

எழுத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று தம்பி 'க்' சேர்த்தான். பாகு பாக்கானது. சுண்ணாம்புதான் பாக்கி.

கடைசியில் உச்சரிப்பு அகராதி என்று தனியாக ஒன்றைத் திறந்தோம். எழுத்து எப்படி இருந்தாலும், ஒலியை அதில் தனிக் குறியீட்டால் எழுதிவிடலாம். என் பழைய பென்சில் புள்ளியேதான்! ராத்திரி உட்கார்ந்து 140 பெயர் எழுதினேன்.

மார்ச் 9, ஞாயிறு

நள்ளிரவு, முதல் ஒளிபரப்பு. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். ஆல்ஃபிரட் புயல் வலுவிழந்து பிரிஸ்பேனுக்கு வடக்கே கரை கடந்த செய்தி. "ப்ரிஸ்பேன்" என்று வல்லின 'ப'வில் அழுத்திச் சொன்னது, என் குரலில், கொஞ்சமும் தயங்காமல். அகராதியில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை.

12.20க்குத் தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். "அக்கா, தூங்குங்க" என்று பதில் வந்தது.

141.