மகளின் பெயரோடு ஒட்டிக்கிடந்த பெனிசிலின் அலர்ஜி

மகளுக்கு ஒன்றரை வயதில் காதில் கிருமி பிடித்து, ஒரு வாக்-இன் கிளினிக்கில் அமொக்சிசிலின் பாணி (பெனிசிலின் வகை மருந்து, சிரப்) தந்தார்கள். சில நாளில் வயிறும் முதுகும் சிவந்து சின்னச் சின்னத் தடிப்பு. மூச்சில் இழுப்பு இல்லை, முகம் வீங்கவில்லை, சத்தியும் இல்லை. பிள்ளை தன் பாட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். போனில் கேட்டபோது மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். பதிவில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று ஏறியது. ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரி பார்மசிக் கணினிக்கும், டேகேர் படிவத்துக்கும், பிறகு பள்ளிக்கூடப் படிவத்துக்கும் போனது.

ஆறு வயதில் ஸ்ட்ரெப் தொண்டை (பாக்டீரியாவால் வரும் தொண்டை நோ) வந்து வேறு மருந்து எழுதியபோதுதான், கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வழமையாகப் போகும் பார்மசிஸ்ட் கேட்டார்: "அப்ப வந்தது என்ன மாதிரித் தடிப்பு? பிறகு ஒருக்காலும் சோதிக்கேல்லையோ?" குடும்ப வைத்தியரிடம் சொல்லி அலர்ஜி நிபுணருக்குக் கடிதம் வாங்கினோம். ஓஹிப் அட்டை, அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை, போதும், நிபுணரைப் பார்க்கக் காசு கட்டவில்லை. காத்திருப்புத்தான் நீளம்.

அந்தக் காத்திருப்பில் வீட்டில் நடந்த வழக்கைத்தான் முக்கியமாக எழுத நினைத்தேன். அம்மாவுக்குப் பெனிசிலின் என்றால் ஊசி. ஊரில் போடமுன் கையில் ஒரு துளி ஏற்றிப் பார்ப்பார்கள். ஊசி போட்ட கையோடு ஆள் விழுந்த கதை அம்மாவின் தலைமுறையில் கேள்விப்படாதவர் இல்லை. "சும்மா கிடக்கிறதை ஏன் போய்க் கிண்டுறியள்? வேற மருந்தே இல்லையோ?" என்றா. இவர், என் கணவர், கேட்டது வேறு: "அலர்ஜி எண்டு சொன்னதும் டொக்டர், இல்லை எண்டு சொல்லப்போறதும் டொக்டர். எந்த டொக்டரை நம்புறது?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நியாயமான கேள்வி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எனக்கு இருந்த தயக்கம் இன்னொரு மாதிரி. பதிவில் அலர்ஜி என்று இருக்கும்வரை ஒரு காவல் இருப்பதுபோல ஒரு தைரியம். நாமே கூட்டிக்கொண்டு போய், நாமே வாயில் ஊற்றி, ஏதும் நடந்தால்? சரியான மருந்து கிடைக்காமல் போவதால் வரும் கேடு கண்ணில் தெரியாது. மருந்து கொடுத்து வரும் தடிப்பு கண்முன்னால் நிற்கும். தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் கதைத்த தாய்மாரிடமும் இந்தக் கணக்குத்தான் ஓடியது. ஒருவர், மகனுக்குச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்த பிறகும் டொக்டரிடம் "வேற ஏதும் தாங்கோ" என்றுதான் கேட்பாராம்.

நிபுணர் முதலில் கேட்டதெல்லாம் பழைய தடிப்பைப் பற்றித்தான்: எத்தனையாம் நாள், கொப்புளம் போட்டதா, தோல் உரிந்ததா, வாயில் புண் வந்ததா, மூட்டு வீங்கியதா. இவற்றில் ஏதும் இருந்திருந்தால் வாயால் கொடுத்துப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்றார். எங்களிடம் இருந்தது போனில் எடுத்த பழைய படம் ஒன்று. அதுவே பெரிய உதவி. சின்னப் பிள்ளைகளுக்கு வைரஸ் காய்ச்சலோடேயே இப்படித் தடிப்பு வரும், அந்த நேரம் பார்த்து அமொக்சிசிலினும் உள்ளே போயிருக்கும், பழி மருந்தில் விழும் என்று விளக்கினார்.

மொன்றியலில் இப்படி அமொக்சிசிலின் அலர்ஜி என்று சந்தேகித்த 818 பிள்ளைகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வையும் சொன்னார். 770 பேருக்கு ஒன்றுமே இல்லை. 17 பேருக்கு உடனே, 31 பேருக்குப் பிந்தி ஏதோ வந்தது. உடனே வந்தவையும் கடுமையில்லாதவை. என் கணவருக்கு அந்த எண்ணிக்கை போதும். எனக்கு மனம் இறங்கியது வேறு இடத்தில்: "இந்த அறையிலயே அட்ரினலின், கடும் அலர்ஜிக்குப் போடுற அவசர மருந்து, இருக்கு, நான் பக்கத்து அறையில இருப்பன். இரவில தடிப்பு வந்தா இந்த நம்பர்" என்று நிபுணர் சொன்னபோது. பெற்றோருக்கு இதை முதலில் சொன்னால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்.

சோதனை நாளைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்கு முந்தின வாரம் முழுக்க அலர்ஜி மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது, காய்ச்சலோ இழுப்போ இருக்கக்கூடாது. தோலில் ஊசி குத்தவில்லை. இவளுடைய மாதிரி லேசான தடிப்புக்கு அது தேவையில்லையாம். உடனடியாகக் கடுமையாக வந்த பிள்ளைகளுக்கு வேறு வழி. அளவில் பத்தில் ஒரு பங்கு பாணி, இருபது நிமிடம் பொறுத்து மிச்சம், பிறகு ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். மகள் படம் கீறி முடித்து, பசிக்குது என்று நச்சரித்தாள். பிந்தி வரும் தடிப்புக்காக வீட்டிலும் கொஞ்ச நாள் பார்த்தோம். வரவில்லை.

அலுப்பு அதற்குப் பிறகுதான். நிபுணரின் கடிதம் குடும்ப வைத்தியருக்குப் போனது. பார்மசிக் கணினிக்கு அது தானாகப் போகாது. நேரே போய்ச் சொல்லி அழிப்பிக்கவேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் புதிய படிவம். பல் வைத்தியரை நான் மறந்தேபோனேன், அங்கே ஒருநாள் "அலர்ஜி இருக்கே" என்றார்கள். கடிதத்தில் என்ன மருந்து, எவ்வளவு, என்றைக்குக் கொடுத்தது என்று மூன்றும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

அடுத்த பனிக்காலம் திரும்பவும் ஸ்ட்ரெப். இந்த முறை அமொக்சிசிலினே எழுதினார்கள். எண்ணிக்கையை நம்பிய இவர்தான் முதல் வாய் கொடுக்கமுன் பெனட்ரில் என்ற அலர்ஜி மருந்துப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். பத்து நாள் மருந்தும் முடிந்தது, தோலில் ஒரு பொட்டும் இல்லை. அம்மா இப்போது, கனடா மருந்து வேற, ஊர் மருந்து வேற என்கிறா. ஊருக்குப் போனால் அதைக் கொடுக்கவேண்டாமாம். கோடை விடுமுறைக்குப் போகிறோம். கடிதத்தின் பிரதியைப் பாஸ்போர்ட்டுகளோடு வைத்திருக்கிறேன்.